சாட்சி நிலையம்

நெருப்பைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஒரு காடு எரிந்தால் போதுமாயிருந்தது. சக்கரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கட்டை உருண்டால் போதுமாயிருந்தது. ஆனால் 'நான்' என்ற சொல்லை அடியோடு ஒழிக்கும் முறையைக் கண்டுபிடிக்க அவன் 2001-ஆம் வருஷம் வரை, அதுவும் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடி காலியாகும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. உலக வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஏனோ கவனிக்கவில்லை. கவனித்தல் அவர்களுடைய பாடத்திட்டத்தில் இல்லை போலும்.

அந்த மாடிக்குப் பெயர் 'சர்வ மார்க்க சாட்சி நிலையம்'. நிறுவியவர் சீனிவாசராகவன். மாநில அரசின் செயலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்புகளை நகர்த்தி ஓய்வு பெற்றவர். 'நகர்த்தி' என்பது அவருக்கு வேண்டாதவர்கள் சொன்னது. கோப்புகள் தாமாக நகர்ந்தன, நகராமலும் இருந்தன, அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அங்கேதான் அவருக்கு அந்தப் பேருண்மை பளிச்சிட்டது. எதையும் செய்யாமல், எதற்கும் பொறுப்பேற்காமல், நடப்பதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவனே சாட்சி. அவனுக்குப் பென்ஷனும் உண்டு, மோட்சமும் உண்டு.

மற்ற இடங்களில் ஒரே மார்க்கத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இழுப்பார்கள். சீனிவாசராகவன் அப்படியில்லை. திங்கள் அத்வைதம், செவ்வாய் விபஸ்ஸனா, புதன் ஜென், வியாழன் சூஃபி மௌனம், வெள்ளி கிறிஸ்தவ தியானம். சனிக்கிழமை 'ஒருங்கிணைப்பு', அதாவது போண்டா. "எல்லா நதியும் ஒரே கடல்லதான் சேர்றது," என்பார். "நம்ம கடல் சாயந்திரம் ஆறரைக்குத் திறக்கும். செருப்பை வெளியில விட்டுடணும்."

எல்லா மார்க்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு விதி. நிலையத்துக்குள் யாரும் 'நான்' என்று சொல்லக்கூடாது. செய்த காரியத்தைத் தொழிற்பெயராக்கி, பக்கத்தில் 'நிகழ்கிறது' என்று சேர்த்துவிட வேண்டும். அகங்காரத்தை அழிக்க முனிவர்கள் காட்டில் கிடந்து தவித்தார்கள். இலக்கணத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"லேட்டாதல் நிகழ்ந்துவிட்டது சார்," என்று வாசலில் நிற்பார் நோயல். அவர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த இன்சூரன்ஸ் அதிகாரி.

"காரணம்?"

"தூங்குதல் சார்."

"பரவாயில்லை. உள்ளே வருதல் நிகழட்டும்."

ஒருநாள் நோயலின் புதுச் செருப்பு வேறு யாருடைய உடம்போடோ வீட்டுக்குப் போதல் நிகழ்ந்தது. 'திருட்டு' என்ற பழைய சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. அந்த அளவுக்கு முன்னேற்றம். நோயல் மட்டும் வெறுங்காலோடு பஸ்ஸுக்குப் போனார்.

இவ்வளவு உயர்ந்த இடத்தில் தேறாமல் கிடந்தவள் ஒரே ஒருத்தி. ரூபினி.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பில் போடுகிறவள். மாலை வகுப்புகளின் மேல் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. டைப்ரைட்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சாயந்திரங்களிலேயே முடித்திருந்தாள். நம்பிக்கை இல்லாதது தன் மேல்தான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போவாள். பூட்டினோமா என்று திரும்பி வருவாள். பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போவாள். சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி வருவாள். இந்த மனசைக் கொஞ்சம் சும்மா இருக்க வைக்கலாம் என்றுதான் நிலையத்தில் சேர்ந்தாள். மூச்சைக் கவனி என்றார்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தாள். எண்ணங்களை மேகம்போல விட்டுவிடு என்றார்கள். எந்த மேகம் எந்தப் பக்கம் போனது என்று வைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒரே குறைதாம்மா," என்றார் சீனிவாசராகவன் பரிவோடு. "நீ பார்க்கறே. பார்க்கறதோட நிறுத்த மாட்டேங்கறே. என்ன பார்த்தோம்னு தெரிஞ்சுக்கறே."

"இனிமே தெரிஞ்சுக்க மாட்டேன் சார்."

"பார்த்தியா, 'மாட்டேன்'ல ஒரு 'நான்' ஒளிஞ்சிண்டிருக்கு."

மற்றவர்கள் எல்லாம் மூன்று மாதத்தில் சாட்சி நிலையை எட்டிவிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் வனஜா, கவுன்டருக்கு முன்னால் எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும் தன்னால் இப்போது அதை வெறுமனே பார்க்க முடிகிறது என்று கண்கலங்கச் சொன்னாள். ரூபினிக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு, பொறாமைதானா என்று சந்தேகமாக இருந்தது.

நிலையத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில், பச்சைமுத்துவின் இஸ்திரி வண்டி. ரூபினி போகும்போது துணியைக் கொடுத்துவிட்டு, வகுப்பு முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வாள்.

"டெய்லி மேல போயி என்னாம்மா கத்துக்கறீங்க?" என்று ஒருநாள் பச்சைமுத்து கேட்டார்.

"பாக்கறதுக்குண்ணா."

"பாக்கறதுக்கா? அந்தப் பெரியவரு கண்ணு டாக்டரா?"

"அய்யோ, இல்லண்ணா. இது உள்ளுக்குள்ள பாக்கறது."

"அதுக்குக் கண்ணாடி குடுப்பாரா? குடுத்தா எங்கூட்டுக்காரிக்கும் ஒண்ணு வாங்கியாம்மா. நான் பண்ற தப்பு மட்டும் அவளுக்குப் பெருசு பெருசாத் தெரியுது."

வண்டிக்கு அந்தப் பக்கம் துணி பிரித்துக்கொண்டிருந்த சின்னத்தாயி நிமிரவே இல்லை. "பேச்சப் பாரு. கரி அணையுது, விசுறு."

அந்தப் புதன்கிழமை ஜென். பயிற்சியின் பெயர் 'பெயரிடாமல் பார்த்தல்'. பன்னிரண்டு பேரும் பால்கனியில் வரிசையாக நின்று தெருவைப் பார்க்க வேண்டும். கண் இமைக்கலாம், பெயர் வைக்கக்கூடாது.

"ஆட்டோன்னு நினைக்காதீங்கோ," என்றார் சீனிவாசராகவன். "மஞ்சளும் கறுப்பும் நகர்தல். அவ்வளவுதான். பஸ்ஸா? செவப்பா ஒரு ஓசை."

அப்படியொரு கவனம் காக்ஸ் டவுன் அதற்கு முன் கண்டதில்லை. தெருவின் ஒவ்வொரு அசைவும் இருபத்துநான்கு கண்களில் விழுந்தது. ரூபினி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். 'பச்சையாக ஏதோ' என்று ஆரம்பித்தாள். அது தன்னுடைய பச்சைச் சுடிதார் என்றும், பச்சைமுத்து அண்ணன் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் தெரிந்துவிட்டது. தோல்வி. பார்வையைத் தெருமுனைக்கு மாற்றினாள். 'வெள்ளையாக ஏதோ.' அது சாய்கிருஷ்ணாவின் புதுக் கார். தோல்வி.

சாய்கிருஷ்ணா நிலையத்தின் புரவலர். சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர். இந்தக் கட்டடமே அவருடையதுதான். மாடியை வாடகையில்லாமல் விட்டிருந்தார். வகுப்பு நேரத்திலும் செல்போனில் பேசுமளவுக்குச் சாதனையில் மேம்பட்டவர் என்பதால் அவருக்கு மட்டும் வருகை விதிகள் கிடையாது. அன்றும் தாமதமாக வந்தவர், முனையைத் தாண்டிப் போய்விட்டு, காரைத் திருப்பச் சோம்பி, அப்படியே பின்னால் எடுத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையில் போன். தலை நேரே முன்னால்.

கார் பின்னாலேயே வந்தது. பச்சைமுத்து குனிந்த முதுகு நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா!" என்று கத்திவிட்டாள் ரூபினி.

"பெயரிடாதே!" என்றார் சீனிவாசராகவன்.

கார் வண்டியை இடித்தது. வண்டி பச்சைமுத்துவின் காலை மரத்தோடு வைத்து நசுக்கியது. இஸ்திரிப் பெட்டி வாய் திறந்து தணலைத் தெருவில் கொட்டியது. கீழே இருந்து ஒரு அலறல் வந்தது.

"ஒலி," என்றார் சீனிவாசராகவன் மெதுவாக. "வெறும் ஒலி. வரது, போறது."

ரூபினியின் கால் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. வனஜா அவள் கையைப் பிடித்தாள். "நடுவுல விட்டுட்டுப் போனா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்டீ. மூணு மாசம் வேஸ்ட்." ரூபினி நின்றாள். நின்றது சரிதானா என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் பேக்கரியிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, மஞ்சளும் கறுப்புமான ஒன்றில் பச்சைமுத்துவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பாவம், சாதகர்கள் அல்லாதவர்கள். அலறலைக் கேட்டதும் ஓடிவந்துவிட்டார்கள்.

சற்று நேரத்தில் சாய்கிருஷ்ணா மேலே வந்தார். ஷூவைக் கழற்றினார். பத்மாசனத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு மோதல் நிகழ்ந்தது," என்றார்.

"ஏற்றுக்கொள்ளுதல் நிகழட்டும்," என்றார் சீனிவாசராகவன்.

நிகழ்ந்தது.

மறுநாள் வியாழன். சூஃபி மௌனம். போலீஸ் வருவதற்கு அதைவிடத் தோதான நாள் வாரத்தில் கிடையாது. ஹெட் கான்ஸ்டபிள் நாகேஷ் படியேறி வந்தார். கன்னடக்காரர், கன்டோன்மென்ட் பக்கமே வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் சரளமாக வந்துவிட்டவர். அவருக்குப் பின்னால் சின்னத்தாயி.

"காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குது," என்றாள் அவள் பொதுவாக, மூடிய கண்களைப் பார்த்து. "ஆஸ்பத்திரில கெடக்குறாரு. நான் அப்ப துணி குடுக்கப் போயிருந்தேன். இந்தக் கார்க்கார ஐயா சொல்றாரு, எங்க வண்டியே உருண்டு போயி அவரு கார்ல மோதிச்சாம். வண்டி ஓடுமா சார் அதுவா? நாலு கல்லு முட்டுக் குடுத்து வெச்சிருந்தோம்."

"வண்டி மோதிச்சுன்னு எழுதினா கேஸே வேற," என்றார் நாகேஷ். "தப்பு இவங்க மேல வந்துடும். திங்கக்கெழம கார்ப்பரேஷன் லாரி வந்து வண்டியத் தூக்கிடும். நேத்து நீங்க எல்லாரும் பால்கனில நின்னு ரோடயே பாத்துட்டிருந்தீங்கன்னு பேக்கரில சொன்னாங்க. ஹேளி சுவாமி, சொல்லுங்க. யாரு பாத்தது?"

மௌனம். பரிபூரணமான, எந்தத் தர்காவிலும் கிடைக்காத மௌனம்.

கடைசியில் சீனிவாசராகவன் தொண்டையைச் செருமினார். "பார்த்தல் நிகழ்ந்தது. பார்த்தவர் இல்லை."

"பாத்தவர் இல்லாம எப்படி சார் பாக்கறது?"

"அதுதான் பாடத்திட்டம்."

"சரி, இடிச்சது யாரு?"

"இடித்தல் நிகழ்ந்தது," என்றார் சாய்கிருஷ்ணா கண்ணைத் திறக்காமல்.

"யாரால?"

"'யார்' என்பதுதான் சார் மூலக் கேள்வி," என்று நோயல் உற்சாகமாக முன்னே வந்தார். "மூணு மாசமா அதைத்தான் நாங்களும் விசாரிச்சிட்டு இருக்கோம்."

"நீங்க விசாரிக்க வேணாம். விசாரிக்கறது எங்க டிபார்ட்மென்ட். நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

நோயல் வெள்ளிக்கிழமைப் பாடத்துக்குத் தாவினார். "தீர்ப்பிடாதிருங்கள்னு வேதத்துல இருக்கு சார்."

"தீர்ப்பு ஜட்ஜ் குடுப்பாரு. நீங்க சாட்சி மட்டும் குடுங்க."

"சாட்சியாத்தானே சார் இருக்கோம்!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில், மனம் புண்பட்டு.

"இருக்கறது சரி. சொல்லணும்."

"சொன்னா சாட்சி கர்த்தா ஆயிடும்," என்றார் சீனிவாசராகவன். "மூணு மாசப் பயிற்சியும் போயிடும்."

வனஜா சின்னத்தாயியின் தோளைத் தொட்டாள். குரலில் செவ்வாய்க்கிழமையின் கனிவு. "எல்லாம் அநித்தியம்மா. காரு, வண்டி, காலு, எதுவும் நிலையில்ல. புத்தரே சொல்லியிருக்காரு."

"எங்கூட்லயும் புத்தர் படந்தாம்மா மாட்டியிருக்கோம், மாமனாரு காலத்துலருந்து," என்றாள் சின்னத்தாயி, தோளை விலக்கிக்கொண்டு. "அவரு சொன்னத அப்புறம் பேசலாம். நீ பாத்தியா, அதச் சொல்லு."

வனஜாவின் கண்கள் மெல்ல மூடிக்கொண்டன.

நாகேஷ் சுற்றிலும் பார்த்தார். வரிசையின் கடைசியில் ஒரே ஒருத்திக்குத்தான் கண் திறந்திருந்தது. சலித்துப்போனதால் சொந்த பாஷைக்கே போய்விட்டார். "நீனு ஹேளம்மா. ஏனாய்த்து, கொத்தா?"

என்ன ஆனது, தெரியுமா? ரூபினிக்குத் தெரியும். கார், கை, போன், முதுகு, தணல் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. கூடவே சந்தேகமும் வந்து நின்றது. வண்டி ஒரு அங்குலமாவது நகர்ந்திருக்குமோ? போன் வலது காதிலா, இடது காதிலா? நன்றாகத்தான் பார்த்தோம், ஆனால் நன்றாகப் பார்த்தோம் என்பதை நன்றாகப் பார்த்தோமா? சாய்கிருஷ்ணா ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார். கேட்ட பாஷையிலேயே பதில் சொல்வது கூரியர் அலுவலகத்தில் பழகிய பழக்கம். நாக்கு தானாகப் புரண்டது.

"கொத்தில்ல சார்."

தெரியாது சார்.

சின்னத்தாயி அவளைத் திட்டவில்லை. படியில் இரண்டு எட்டு இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "உன் துணியத்தாம்மா தேச்சிட்டிருந்தாரு," என்றாள். இறங்கிப் போய்விட்டாள். நாகேஷும் போனார்.

பிறகு சீனிவாசராகவன் எழுந்து நின்றார். அவர் கண்களில் நீர்.

"கேட்டேளா?" என்றார். "எல்லாரும் கேட்டேளா? தமிழ்ல சொல்லியிருந்தா 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு 'எனக்கு' ஒட்டிண்டிருக்கும். இந்தக் குழந்தை அதையும் உதறிட்டா! 'நான்' இல்லை, 'எனக்கு' இல்லை, நேத்து இல்லை, இன்னிக்கு இல்லை. வெறும் கொத்தில்ல! ஆறு நாள் பாடமும் வந்து நிக்கற இடம் இது!"

"இல்ல சார்," என்றாள் ரூபினி. "பயமா இருந்துது."

"பயம் யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"என்ன அடக்கம் பாருங்கோ! நிஜமா எட்டினவா ஒத்துக்கவே மாட்டா."

இவ்வாறாக, மூன்று மாதம் முட்டி மோதியும் கிடைக்காத தூய விழிப்பு, அவள் ஒருவனைக் கைவிட்ட அந்த விநாடியில் அவளுக்குக் கிடைத்தது. அன்றிரவு அவள் வீட்டைப் பூட்டினோமா என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. தூங்கவும் இல்லை.

சனிக்கிழமை பாராட்டு விழா. போண்டாவோடு கேசரியும் நிகழ்ந்தது. சுவரில் 'கொத்தில்ல' என்று தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை மூச்சோடு சேர்த்து, உள்ளே 'கொத்', வெளியே 'தில்ல' என்று ஜபித்தார்கள். சாய்கிருஷ்ணா தன் கையாலேயே ரூபினிக்குச் சால்வை போர்த்தினார். சரிகைக் கரை போட்ட நல்ல சால்வை. போட்டோ எடுத்தார்கள். பிறகு அவர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது செல்போன் அடித்தது.

"ஆங், வக்கீல் சார்," என்றார். "அதுவா? அது ஒண்ணும் பிராப்ளம் இல்ல. திங்கக்கெழம வண்டியத் தூக்கிட்டா முடிஞ்சுது. சாட்சின்னு ஒருத்தரும் கெடையாது."

அவர் அதைச் சொன்னபோது அவரைச் சுற்றிப் பன்னிரண்டு சாட்சிகள் இருந்தார்கள். பதினொரு பேர் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ரூபினி ரெண்டு வார்த்தை," என்றார் சீனிவாசராகவன். "வேண்டாம், ஒரு வார்த்தையே போதும். எல்லாரும் காத்திண்டிருக்கா."

ரூபினி எழுந்தாள். கேசரித் தட்டை நாற்காலியில் வைத்தாள்.

"நான் போறேன் சார்," என்றாள்.

மாடி முழுவதும் ஒரு அதிர்ச்சி பரவியது. போவதற்காக அல்ல. 'நான்' என்றதற்காக.

"உக்காரும்மா," என்று வனஜா சால்வை முனையைப் பிடித்தாள். "இவ்ளோ கஷ்டப்பட்டு வந்தத ஒரு நிமிஷத்துல விட்டுடாத."

"விடுங்கக்கா," என்றாள் ரூபினி. வனஜா விட்டாள். தடுத்தல் நிகழவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் ஒரு பஸ் ஸ்டாப் தூரம். வழி முழுக்க அவள் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டு நடந்தாள். கார் பின்னால் வந்ததா? வந்தது. வண்டி தானாக நகர்ந்ததா? நகரவில்லை. ஓட்டியது அவர்தானா? அவர்தான். திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். பூட்டு பூட்டியே இருந்தது. போன் எந்தக் காதில் என்பது மட்டும் தெரியவில்லை. அதைத் தெரியாது என்றே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

நாகேஷ் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது, சால்வையெல்லாம்? கல்யாண வீட்லருந்து வர்றியா?"

"இல்ல சார். ஞானம் வந்ததுக்குப் போர்த்தினாங்க."

"ஓஹோ. இங்க என்ன வேணும்?"

"சாட்சி சொல்லணும் சார். நான் பாத்தேன்."

நாகேஷ் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு அந்தப் பொம்பள எதிர்ல கேட்டேன். கொத்தில்லன்ன. இன்னிக்கு எப்படி கொத்தாச்சு?"

"அப்ப ஞானம் வந்திருந்துது சார்," என்றாள் ரூபினி. "இப்ப எறங்கிடுச்சு."

நாகேஷ் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'நான்' இருந்தது. எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உங்கூட பால்கனில எத்தன பேரு?"

"பதினொரு பேர் சார்."

"அவங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சுதா?"

"கண்ணு கொட்டாம பாத்தாங்க சார்."

"அப்ப ஏம்மா ஒருத்தரும் வரல?"

ரூபினி சால்வையைக் கழற்றி மடித்து மேஜையோரமாக வைத்தாள்.

"அவங்களுக்கு இன்னும் எறங்கல சார்."